பழைய ஜப்பானிய ஆர்.பி.ஜி. திரும்பி வருகிறது, ஆங்கிலமும் கூட வருமா?

2024 பிப்ரவரியில் நின்டெண்டோ தன் சுவிட்ச் விளையாட்டுக் கருவியின் சந்தா சேவையில் 'மதர் 3' விளையாட்டைச் சேர்த்தது. 2006 ஏப்ரலில் கேம் பாய் அட்வான்ஸ் கருவிக்காக வெளிவந்து, ஜப்பானுக்கு வெளியே அதிகாரபூர்வமாக ஒருபோதும் விற்கப்படாத விளையாட்டு அது. ஆனால் சேர்க்கப்பட்டது ஜப்பானியச் சந்தாவில் மட்டுமே. மொழியும் ஜப்பானியம் மட்டுமே. மேற்கத்திய ரசிகர்களின் பதினெட்டு ஆண்டுக் காத்திருப்பு அப்படியே தொடர்கிறது.

இதற்குச் சுமார் ஒன்றரை ஆண்டு முன்பு, 2022 ஜூலையில், 'லைவ் எ லைவ்' வெளியானது. 1994இல் நின்டெண்டோவின் சூப்பர் ஃபாமிகாம் கருவியில் பிறந்து ஜப்பானோடு நின்றுபோன விளையாட்டு அதுவும். 28 ஆண்டுகள் கழித்து உலகெங்கும் ஒரே நாளில், ஆங்கிலத்தோடு வந்தது. உரிமை ஸ்கொயர் எனிக்ஸுடையது என்றாலும், ஜப்பானுக்கு வெளியே அதை வெளியிட்டது இதே நின்டெண்டோதான்.

ஒன்றுக்குத் திறந்த கதவு இன்னொன்றுக்கு ஏன் திறக்கவில்லை? "மேற்கில் வாங்க ஆளில்லை" என்ற வழக்கமான பதில் இங்கே செல்லாது. ஆங்கிலத்தில் கேட்டு ஆண்டுக்கணக்கில் குரல் கொடுக்கப்பட்ட விளையாட்டுகளைப் பட்டியலிட்டால் மதர் 3 முதல் வரிசையில் நிற்கும். ஒரு விளையாட்டு திரும்பி வருகிறதா என்பதைவிட, எந்த வழியில் திரும்பி வருகிறது என்பதே ஆங்கிலம் கிடைக்குமா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. அந்த வேறுபாட்டை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

முதலில் சில சொற்கள்

ஆர்.பி.ஜி. என்பது ஒரு பாத்திரத்தை ஏற்று, அதை வளர்த்து, நெடுங்கதை ஒன்றைக் கடந்து செல்லும் விளையாட்டு வகை. ஜப்பானில் 1986இல் வந்த 'டிராகன் குவெஸ்ட்' இந்த வகைக்கு வீட்டுக் கருவிகளில் ஒரு வடிவம் கொடுத்தது. 1987இல் 'ஃபைனல் ஃபேன்டசி' தொடர்ந்தது. ஊருக்குள் நுழைந்தால் எல்லாரிடமும் பேச வேண்டும். கடைக்காரன் பேசுவான், கிணற்றடியில் நிற்கும் கிழவியும் பேசுவாள். துப்பு அந்தப் பேச்சில்தான் ஒளிந்திருக்கும். மொழி புரியாமல் ஓடிக் குதிக்கும் விளையாட்டை ஆடிவிடலாம். 'மாரியோஸ் சூப்பர் பிக்ராஸ்' என்ற புதிர் விளையாட்டை 2020இல் நின்டெண்டோ ஜப்பானிய எழுத்துகளோடு அப்படியே மேற்கத்தியச் சந்தாவில் போட்டது. யாருக்கும் பெரிய இடைஞ்சல் இல்லை. ஆர்.பி.ஜி.யில் அது நடக்காது. எழுத்தை எடுத்துவிட்டால் விளையாட்டே இல்லை.

உள்ளூர்மயமாக்கல் என்பது மொழிபெயர்ப்பைவிடப் பெரிய வேலை. வசனத்தோடு மெனு, படத்தில் வரைந்த எழுத்து, நகைச்சுவை, பெயர்கள், வயது மதிப்பீட்டுச் சான்று எல்லாம் அதில் அடங்கும். எல்லை மீறிப் போவதும் உண்டு. 1996இல் அமெரிக்காவுக்கு வந்த முதல் 'பெர்சோனா' விளையாட்டில் பாத்திரங்களின் பெயரோடு தோற்றத்தையும் மாற்றி, ஜப்பானியப் பள்ளி மாணவர்களை அமெரிக்கர்களாக்கினார்கள். 2009இல் பி.எஸ்.பி. கருவிக்கு மறுவெளியீடு வந்தபோதுதான் அவர்கள் ஜப்பானியர்களாகத் திரும்பினார்கள்.

மறுவெளியீட்டில் மூன்று வகைகளைப் பிரித்தறிய வேண்டும்.

1. எமுலேஷன்: பழைய கார்ட்ரிட்ஜில் (விளையாட்டைப் பதித்து விற்ற செருகு பெட்டி) இருந்த தரவை ஒரு பைட்கூட மாற்றாமல், பழைய கருவியைப் போல நடிக்கும் மென்பொருளுக்குள் ஓடவிடுவது. சந்தா சேவைகளில் கிடைக்கும் பழைய விளையாட்டுகள் பெரும்பாலும் இந்த வகை.

2. ரீமாஸ்டர்: அதே விளையாட்டைப் புதிய கருவிகளுக்கு ஏற்ப மாற்றி, படத்தையும் ஒலியையும் தெளிவாக்குவது. 2025 மார்ச்சில் வந்த 'சுய்கோடென்' முதல் இரு பாகங்கள் இதற்கு உதாரணம்.

3. ரீமேக்: கதையையும் அமைப்பையும் வைத்துக்கொண்டு விளையாட்டைப் புதிதாகக் கட்டுவது. லைவ் எ லைவ், 2024 நவம்பரில் வந்த 'டிராகன் குவெஸ்ட் 3' இரண்டும் இதில் சேரும்.

மதர் 3 வந்தது முதல் வழியில். லைவ் எ லைவ் வந்தது மூன்றாவது வழியில். இந்த ஒரு வேறுபாடு ஏன் இவ்வளவு பெரியது என்று அறிய, அந்தக் காலத்தில் இவை ஏன் கடல் தாண்டவில்லை என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

அன்று ஏன் வரவில்லை?

டிராகன் குவெஸ்ட் அமெரிக்கா போய்ச் சேர்ந்தது 1989இல், ஜப்பானுக்கு மூன்று ஆண்டுகள் கழித்து. 'டிராகன் குவெஸ்ட்' என்ற பெயரை அங்கே ஏற்கெனவே ஒரு மேசை விளையாட்டு வைத்திருந்ததால் 'டிராகன் வாரியர்' ஆயிற்று. ஜப்பானில் கடை வாசலில் வரிசை கட்டி வாங்கப்பட்ட தொடர் அது. அமெரிக்காவில் தேங்கிப்போக, நின்டெண்டோ தன் பத்திரிகையின் சந்தாதாரர்களுக்கு இலவசமாகவே கொடுத்தது. நான்காம் பாகம் வரை எப்படியோ போனது. ஐந்தும் ஆறும் போகவில்லை. 1990களின் நடுவில், டிராகன் குவெஸ்ட் நிறுவனமான எனிக்ஸ் (பின்னாளில் ஸ்கொயரோடு இணைந்து ஸ்கொயர் எனிக்ஸ் ஆனது) தன் அமெரிக்கக் கிளையையே மூடிவிட்டது. 1992இல் ஜப்பானில் வந்த ஐந்தாம் பாகத்தை ஆங்கிலத்தில் ஆட 2009 வரையும், 1995இன் ஆறாம் பாகத்தை ஆட 2011 வரையும் காத்திருக்க வேண்டியிருந்தது. இரண்டும் நின்டெண்டோ டி.எஸ். கருவிக்காகப் புதிதாகக் கட்டிய பதிப்புகளாகவே வந்தன என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஃபைனல் ஃபேன்டசியின் கதை இன்னும் சிக்கல். இரண்டும் மூன்றும் விடுபட்டதால், 1991இல் அமெரிக்காவுக்குப் போன நான்காம் பாகத்துக்கு அங்கே 'இரண்டு' என்று பெயர். ஐந்து போகவில்லை, ஆறாம் பாகம் 1994இல் 'மூன்று' ஆயிற்று. 1997இல் 'ஏழு' தன் சொந்த எண்ணோடு வந்தபோது நடுவில் நான்கு, ஐந்து, ஆறு எங்கே என்று அமெரிக்கச் சிறுவர்கள் விரல்விட்டு எண்ண வேண்டியதாயிற்று.

கருவிகளின் தலைமுறை மாறும் வேகம் இன்னொரு காரணம். மொழிபெயர்ப்புக்கு ஓராண்டு பிடித்தால், அதற்குள் அமெரிக்கக் கடைகள் அடுத்த கருவிக்கு மாறியிருக்கும். 1995, 1996 ஆண்டுகளில் சூப்பர் ஃபாமிகாமுக்கு வந்த மிகச் சிறந்த ஆர்.பி.ஜி.க்கள் பல இந்த இடுக்கில்தான் மாட்டின. 'செய்கென் டென்செட்சு 3', 'ரொமான்சிங் சாகா 3', 'பஹாமுட் லகூன்' எல்லாம் கலையில் உச்சத்தைத் தொட்டவை. விற்பனைக் கணக்கில் நேரம் தவறியவை.

தணிக்கையும் இருந்தது. அன்றைய அமெரிக்க நின்டெண்டோ மதம், மது, மரணம் பற்றிய சொற்களை விரும்பவில்லை. ஃபைனல் ஃபேன்டசி ஆறில் 'புனிதம்' என்ற மந்திரம் 'முத்து' ஆனது; மதுக்கடைகள் 'கஃபே' ஆயின. 'மதர் 2', 'எர்த்பவுண்ட்' என்ற பெயரில் 1995இல் அமெரிக்கா போனபோது மருத்துவமனைப் பலகையிலிருந்த சிலுவைக் குறிகூட அழிக்கப்பட்டது.

எழுத்துக்குள் இருக்கும் எந்திரம்

பலர் நினைப்பது இதுதான்: ஜப்பானிய வசனத்தை எடுத்து, ஆங்கிலத்தில் எழுதி, திரும்ப வைத்தால் முடிந்தது, பிறகு ஏன் தயக்கம்? பழைய கார்ட்ரிட்ஜில் எழுத்து எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்தால் அந்தத் தயக்கம் புரியும்.

முதல் டிராகன் குவெஸ்ட் முழுவதும் 64 கிலோபைட். இன்று கைபேசியில் எடுக்கும் ஒரு புகைப்படத்துக்கே அதைப்போலப் பல மடங்கு இடம் வேண்டும். இத்தனை சிறிய இடத்தில் ஒரு நாட்டையே அடைக்க, எழுத்துகளை நிரலாளர்கள் கஞ்சத்தனமாக அடுக்கினார்கள். அதில் மொழி மாறும்போது எழும் சிக்கல்கள் இவை.

1. நீளம். ஜப்பானியக் 'கானா' எழுத்து, நம் உயிர்மெய்யைப் போல, பெரும்பாலும் ஓர் அசைக்கு ஓர் எழுத்து. மருந்தைக் குறிக்கும் 'குசுரி' மூன்றே எழுத்து. அதே பொருளுள்ள 'மெடிசின்' ஆங்கிலத்தில் எட்டு எழுத்து. பொருள்களின் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் இத்தனை கட்டம் என்று நிரலில் அளந்து வைத்திருப்பார்கள். ஆங்கிலப் பெயர் சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குள் போய்விடும்.

2. அகலம். கானா எழுத்துகள் எல்லாம் ஒரே சதுரத்தில் அடங்குபவை. ஆங்கிலத்தில் 'ஐ' மெலிந்தது, 'டபிள்யூ' பருத்தது. இரண்டுக்கும் ஒரே சதுரம் கொடுத்தால் வரி பல்லிளிக்கும். எழுத்துக்கேற்ப அகலம் மாறும் முறையைப் பழைய நிரலுக்குள் புதிதாக எழுதிச் சேர்க்க வேண்டும்.

3. முகவரி. ஒவ்வொரு வசனமும் நினைவகத்தில் எந்த இடத்தில் தொடங்குகிறது என்ற முகவரிப் பட்டியல் ஒன்று இருக்கும். ஒரு வசனம் நீண்டால் அதற்குப் பின்னால் உள்ள எல்லா முகவரியும் பிசகும். ஒன்றைத் தவறவிட்டாலும், அரசன் பேச வேண்டிய இடத்தில் கோழி பேசும், அல்லது விளையாட்டு உறைந்து நிற்கும்.

4. இடம். ஃபைனல் ஃபேன்டசி ஆறின் கார்ட்ரிட்ஜ் 3 மெகாபைட். அதை ஆங்கிலமாக்கிய டெட் உல்சிக்குக் கிடைத்தது சுமார் 30 நாள். இடம் போதாமல் வசனங்களைச் சுருக்கிச் சுருக்கி எழுதினார். அப்படி நெருக்கடியில் பிறந்த வரிகளில் சில இன்றும் ரசிகர்களுக்கு மனப்பாடம். கட்டுப்பாட்டுக்குள் நின்று எழுதிய அவருடைய திறமைக்கு அது சான்று.

இவை எந்திரத்தின் சிக்கல்கள். மொழியின் சிக்கல் வேறு. தமிழ் வாசகர்களுக்கு அது எளிதில் புரியும். ஜப்பானிய வாக்கியத்திலும் நம்மைப் போலவே வினைச்சொல் கடைசியில் வரும். எழுவாயைச் சொல்லாமல் விடுவதும் இயல்பு. ஆனால் தமிழில் 'வந்தான்', 'வந்தாள்', 'வந்தேன்' என்று வினைமுற்றே ஆளைக் காட்டிக் கொடுத்துவிடும். ஜப்பானிய 'கிதா' எதையும் காட்டாது. வந்தது நானா, அவளா, குதிரையா என்பது சூழலைப் பார்த்தால்தான் தெரியும். மொழிபெயர்ப்பாளர் கைக்கோ வசனங்கள் சூழலிலிருந்து பிய்த்தெடுத்த அட்டவணையாகத்தான் வந்து சேரும். யார் பேசுகிறார், யாரைப் பற்றி என்று தெரியாமலே எழுத வேண்டிய வரிகள் ஆயிரக்கணக்கில் இருக்கும்.

தன்னைச் சுட்டும் சொற்களும் அப்படித்தான். 'வதாஷி' என்பவர் பணிவானவர், 'போகு' என்பவன் பையன், 'ஓரே' என்பவன் முரடன். ஆங்கிலத்தில் எல்லாருக்கும் ஒரே 'ஐ'. சொல்லால் காட்டிய குணத்தை வாக்கியத்தின் நடையால் மீட்க வேண்டும். மதர் வரிசையை எழுதிய ஷிகெசாத்தோ இத்தோய் விளம்பர வாசகங்களால் பெயர் பெற்றவர். சீன எழுத்துகள் கலக்காமல், கானாவிலேயே, குழந்தை பேசுவதுபோல எழுதினார். அந்த எளிமையை மொழிபெயர்ப்பது கடினமான நடையை மொழிபெயர்ப்பதைவிடக் கடினம்.

ஒரு விளையாட்டு இந்தச் சிக்கலின் உச்சிக்கே போகிறது. 1996இல் ஸ்கொயர் வெளியிட்ட 'ருத்ராவின் பொக்கிஷம்' விளையாட்டில் மந்திரங்களின் பட்டியல் கிடையாது. ஆடுபவரே கதகானா என்ற கானா வகை எழுத்துகளால் மந்திரச் சொல்லை உருவாக்க வேண்டும். சொல்லின் எந்தப் பகுதி நெருப்பு, எது நீர், கடைசியில் எந்த எழுத்தைச் சேர்த்தால் வலிமை கூடும் என்று ஓர் இலக்கணமே அதற்குள் இருக்கிறது. ஊர்க்காரர்களின் பேச்சிலிருந்து அந்த இலக்கணத்தைக் கண்டுபிடிப்பதுதான் ஆட்டம். இங்கே மொழிபெயர்ப்பாளர் வசனத்தை மாற்றினால் போதாது. இன்னோர் எழுத்துமுறைக்கு அந்த மந்திர இலக்கணத்தையே மறுபடி வகுக்க வேண்டும். ரசிகர் குழு ஒன்று அதையும் செய்து முடித்தது. அதிகாரபூர்வ ஆங்கிலப் பதிப்பு இதுவரை இல்லை.

தொலைந்த நிரலும் சிதறிய உரிமையும்

நிறுவனம் விரும்பினாலும் கைக்கு எட்டாத நிலை உண்டு. விளையாட்டைத் திருத்த வேண்டுமென்றால், அதை உருவாக்கியபோது எழுதிய மூல நிரல் வேண்டும். 1990களில் ஒரு விளையாட்டு விற்று முடிந்தால் கணக்கு முடிந்தது. அதன் கோப்புகளைப் பாதுகாப்பதை யாரும் கடமையாக நினைக்கவில்லை. 1997இன் 'ஃபைனல் ஃபேன்டசி டாக்டிக்ஸ்' 2025 செப்டம்பரில் புதிய பதிப்பாக வந்தபோது, மூல நிரல் எஞ்சியிருக்கவில்லை என்றும், வெவ்வேறு காலத்தில் வெளியான பதிப்புகளை ஆராய்ந்து மறுபடி கட்டினோம் என்றும் அதை உருவாக்கியவர்களே சொன்னார்கள். 2002இன் 'கிங்டம் ஹார்ட்ஸ்' விளையாட்டுக்கும் இதே கதிதான். 2013 பதிப்புக்காகக் கடையில் விற்ற வட்டிலிருந்தே பலவற்றை மீட்டெடுத்தார்கள்.

அடுத்தது உரிமை. ஒரு விளையாட்டில் ஓவியர், இசையமைப்பாளர், எழுத்தாளர், பின்னணிக் குரல் கொடுத்தவர் என்று பலருடைய பங்கு கலந்திருக்கும். லைவ் எ லைவின் ஏழு அத்தியாயங்களின் பாத்திரங்களை வரைந்தவர்கள் ஏழு மங்கா (ஜப்பானியப் படக்கதை) ஓவியர்கள்; 'டிடெக்டிவ் கோனன்' படைத்த கோஷோ அவோயாமா அவர்களில் ஒருவர். இத்தனை பேர் கைபட்ட படைப்பைப் புதிய நாட்டில், புதிய வடிவத்தில் விற்க வேண்டுமானால் பழைய ஒப்பந்தங்கள் அதற்கு இடம் தருகின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். கைபேசியில் விளையாட்டு விற்கும் இணையக் கடை என்ற ஒன்றே இல்லாத காலத்தில் எழுதிய ஒப்பந்தங்கள் அவை.

ரீமேக்கோடு ஆங்கிலம் சேர்ந்தே வருவது ஏன்?

எமுலேஷனில் ஒரு விளையாட்டைச் சந்தாவில் சேர்க்க ஆகும் செலவு சொற்பம். சோதித்துப் பார்த்தால் போதும். அதே விளையாட்டை ஆங்கிலமாக்கப் புறப்பட்டால், மேலே சொன்ன கஷ்டங்கள் அத்தனையும் பழைய நிரலுக்குள்ளேயே வந்து நிற்கும். அந்த நிரலைத் தெரிந்தவர்கள் ஓய்வு பெற்றிருப்பார்கள். இத்தனையும் செய்து முடித்தாலும் தனியாக விற்பனைப் பணம் வராது. சந்தாப் பட்டியலில் இன்னொரு பெயர் கூடும், அவ்வளவுதான்.

ரீமேக்கில் இந்தக் கணக்கு தலைகீழாகிறது. விளையாட்டை இன்றைய மென்பொருள் தளத்தில் கட்டும்போது எழுத்துகள் தனிக் கோப்பில் இருக்கும். மொழியை மாற்றினால் நிரல் உடையாது. செலவும் பெரிது, அதை ஜப்பான் சந்தை மட்டும் ஈடுகட்டாது. அதனால் திட்டத்தின் முதல் நாளிலிருந்தே ஆங்கிலமும் பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலியன், ஸ்பானிஷ் மொழிகளும், இப்போது சீனமும் கொரியனும்கூட வரவு செலவுத் திட்டத்தில் சேர்ந்துவிடுகின்றன. டிராகன் குவெஸ்ட் 3 ரீமேக் உலகெங்கும் ஒரே நாளில் வந்தது இதனால்தான். 1989இல் மூன்றாண்டு பின்தங்கி, பெயர் மாறி, இலவசமாக வாரி விடப்பட்ட தொடர் அது என்பதை நினைத்துப் பார்க்கையில், அந்த ஒரே நாள் வெளியீடு சாதாரண விஷயமில்லை.

ஃபால்காம் நிறுவனத்தின் 'டிரெய்ல்ஸ்' வரிசையிலும் இதைப் பார்க்கலாம். 2004இல் வந்த முதல் பாகம் ஆங்கிலத்தில் வர ஏழு ஆண்டு பிடித்தது. 2006இன் இரண்டாம் பாகத்துக்கு ஒன்பது ஆண்டு. இந்த வரிசையில் எழுத்தின் அளவு அப்படி: ஒவ்வொரு சம்பவத்துக்குப் பிறகும் ஊரில் உள்ள ஒவ்வொருவரும் புதிதாகப் பேசுவார்கள். அதே முதல் பாகத்தின் ரீமேக் 2025 செப்டம்பரில் எல்லா நாடுகளுக்கும் ஒன்றாக வந்தது.

விதிவிலக்குகள் உண்டு. அவற்றை உற்றுப் பார்த்தால் விதியின் காரணம் இன்னும் தெளிவாகும். முதல் 'மதர்' விளையாட்டு 2015இல் 'எர்த்பவுண்ட் பிகினிங்ஸ்' என்ற பெயரில் எமுலேஷனாகவே ஆங்கிலத்தில் வந்தது. எப்படி? 1990 வாக்கிலேயே அதன் ஆங்கிலப் பதிப்பு முடிந்து, வெளியாகாமல் கிடப்பில் போடப்பட்டிருந்தது. கால் நூற்றாண்டு கழித்து அதையே எடுத்து வெளியிட்டார்கள். புதிய மொழிபெயர்ப்புச் செலவு இல்லை. செய்கென் டென்செட்சு 3 இன்னொரு விதிவிலக்கு. 2017 ஜூனில் ஜப்பானில் தொகுப்பாக வந்தபோது ஆங்கிலம் இல்லை. 2019 ஜூனில் 'டிரையல்ஸ் ஆஃப் மானா' என்ற பெயரில் பழைய வடிவத்திலேயே ஆங்கிலம் வந்தது. அதே நாளில் அதன் முப்பரிமாண ரீமேக்கையும் அறிவித்தார்கள்; அது 2020 ஏப்ரலில் வந்தது. பழையதற்கு ஆங்கிலம் கிடைத்ததில் பின்னால் வரவிருந்த ரீமேக்குக்குப் பங்கு உண்டு என்றே நான் கருதுகிறேன்.

ரசிகர்கள் என்ன செய்ய முடிந்தது?

அதிகாரபூர்வப் பதிப்பு வராத இடங்களில் ரசிகர்கள் தாங்களே மொழிபெயர்த்தார்கள். சட்டப்படி இது உறுதியான நிலம் அல்ல. ஆனால் உழைப்பும் அக்கறையும் பல வேளைகளில் தொழில்முறைத் தரத்தை எட்டின. செய்கென் டென்செட்சு 3இன் ரசிகர் மொழிபெயர்ப்பு 2000இல் வந்தது. அதிகாரபூர்வமானது வர அதன் பிறகு 19 ஆண்டு. மதர் 3ஐ 2008இல் மொழிபெயர்த்து முடித்த குழுவை வழிநடத்தியவர் தொழில்முறை மொழிபெயர்ப்பாளர் கிளைட் மேண்டலின். விரும்பினால் தன் மொழிபெயர்ப்பை இலவசமாகவே பயன்படுத்திக்கொள்ளலாம் என்று பின்னாளில் நின்டெண்டோவுக்கு வெளிப்படையாகவே சொன்னார். நின்டெண்டோ அதை எடுத்துக்கொள்ளவில்லை.

எடுத்துக்கொண்ட நிறுவனமும் உண்டு. டிரெய்ல்ஸ் வரிசையின் 'ஸீரோ', 'அஷூர்' பாகங்களை 'ஜியோஃப்ரன்ட்' என்ற ரசிகர் குழு மொழிபெயர்த்திருந்தது. என்.ஐ.எஸ். அமெரிக்கா நிறுவனம் அந்த வேலையையே வாங்கி, 2022 செப்டம்பரிலும் 2023 மார்ச்சிலும் அதிகாரபூர்வமாக வெளியிட்டது. இந்த வழி இன்னும் பரவலாக வேண்டும். பல ஆண்டு உழைப்பும் ரசிகர்கள் திருத்தித் திருத்திச் செப்பனிட்ட வசனமும் ஏற்கெனவே இருக்கும்போது, வெறும் கையோடு தொடங்குவதில் யாருக்கும் பயனில்லை.

கூட்டாகக் குரல் கொடுத்ததற்கும் பலன் இருந்திருக்கிறது. 2011இல் 'ஆபரேஷன் ரெயின்ஃபால்' என்ற இயக்கம் நின்டெண்டோவின் வீ கருவிக்கான மூன்று விளையாட்டுகளை வட அமெரிக்காவில் வெளியிடக் கோரியது. கடிதம் எழுதியதோடு முன்பதிவும் செய்து, 'ஸீனோபிளேட்' விளையாட்டை அமேசானின் விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்குக் கொண்டுபோனார்கள். மூன்றும் 2012, 2013இல் வட அமெரிக்கக் கடைகளுக்கு வந்தன. ஆனால் அவற்றுக்கு ஐரோப்பாவில் ஆங்கிலப் பதிப்பு ஏற்கெனவே தயாராகிக்கொண்டிருந்தது. மொழிபெயர்ப்பே தொடங்காத விளையாட்டுக்குக் கோரிக்கை வைப்பதும், முடிந்த மொழிபெயர்ப்பைக் கடைக்குக் கொண்டுவரக் கோருவதும் ஒன்றல்ல.

அடுத்த அறிவிப்பை எப்படிப் படிப்பது?

ஒரு பழைய ஆர்.பி.ஜி. திரும்பி வருகிறது என்ற செய்தி கண்ணில் பட்டால், இந்த வரிசையில் பார்க்கலாம்.

1. ஜப்பானியச் சந்தாவில் எமுலேஷனாகவா? அப்படியானால், ஆங்கிலப் பதிப்பு ஏற்கெனவே எங்காவது இருந்தாலொழிய, நம்பிக்கை குறைவு.

2. ரீமாஸ்டரா, ரீமேக்கா? அப்படியானால் நம்பிக்கை அதிகம். 1995இன் ரொமான்சிங் சாகா 3 தன் முதல் ஆங்கிலத்தை 2019 ரீமாஸ்டரில்தான் பெற்றது. 1997இன் 'மூன்' என்ற விளையாட்டை ஆனியன் கேம்ஸ் என்ற சிறு நிறுவனமே 2020இல் ஆங்கிலத்தில் கொண்டுவந்தது. பெரிய நிறுவனம்தான் வேண்டும் என்பதில்லை.

3. கணினிக்கும் வருகிறதா? ஒரே கருவிக்கு மட்டும் வருவதைவிட, ஸ்டீம் போன்ற உலகளாவிய கடைக்கும் சேர்த்து வரும் பதிப்பில் ஆங்கிலம் இல்லாமல் இருப்பது அரிது.

4. வரிசை உயிரோடு இருக்கிறதா? புதிய பாகங்கள் வந்துகொண்டிருக்கும் வரிசையின் பழைய பாகத்துக்கு நிறுவனம் பணம் போடும். பஹாமுட் லகூன், ருத்ரா போன்ற ஒற்றைப் படைப்புகள் பின்தங்குவது இதனால்தான்.

இந்த அளவுகோலில் பார்த்தால், 2004இல் ஜப்பானில் மட்டும் வந்த 'டேல்ஸ் ஆஃப் ரீபர்த்' விளையாட்டுக்கு ஓரளவு வாய்ப்பு தெரிகிறது. டேல்ஸ் வரிசையின் பழைய பாகங்களைத் தொடர்ந்து ரீமாஸ்டர் செய்கிறார்கள். 1994இன் 'ஷின் மெகாமி டென்செய் 2' இதுவரை அதிகாரபூர்வ ஆங்கிலமே பெறாதது; வரிசை செழிப்பாக இருப்பதால் ரீமேக் ஒன்றுக்காகக் காத்திருக்கலாம். மதர் 3? வரிசையில் புதிய பாகம் இல்லை, ரீமேக் அறிவிப்பும் இல்லை. மனம் ஒப்பாவிட்டாலும், எமுலேஷனாக மட்டும் அது இருக்கும்வரை ஆங்கிலத்தை எதிர்பார்க்கக் காரணம் இல்லை என்றே சொல்ல வேண்டும்.

வந்தது நிலைக்குமா?

ஆங்கிலம் வந்துவிட்டால் மட்டும் போதாது. வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2010க்கு முன் அமெரிக்காவில் வெளியான விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று விற்பனையில் இல்லை. இவை ஏற்கெனவே ஆங்கிலத்தில் இருந்தவை.

1992இன் முதல் 'ஷின் மெகாமி டென்செய்' 2014இல் ஐபோனில் ஆங்கிலத்தில் வந்தது. பிறகு ஐபோனின் இணையக் கடையிலிருந்தே காணாமல் போனது. 1990இல் ஃபாமிகாமுக்கு வந்த முதல் 'ஃபயர் எம்ப்ளம்' 30 ஆண்டு கழித்து, 2020 டிசம்பர் 4 அன்று சுவிட்சில் முதன்முறையாக ஆங்கிலத்தில் வெளியானது. முழுதாக மொழிபெயர்த்து, பழைய நிரலுக்குள் பொருத்தி, செலவெல்லாம் செய்து முடித்த பதிப்பு. 2021 மார்ச் 31 அன்று விற்பனையை நிறுத்திவிட்டார்கள். அந்தத் தேதியைத் தொடக்கத்திலேயே அறிவித்தும் இருந்தார்கள். இனி வரும் அறிவிப்புகளில் மொழிப் பட்டியலோடு விற்பனைக் காலத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.